ஏறுமுகத்தில் தெரியாதது

துர்கா பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று காலை, கோகுல்சந்த்ஜி மதுவந்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் நாற்காலியில் உட்காருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“நரேனோட லிமிட்டை அஞ்சு மடங்காக்கப் போறேன். தீபாவளியிலேர்ந்து. நீ கையெழுத்துப் போடணும்.”

அது 1999. கல்கத்தா டல்ஹௌசியில், பங்குச் சந்தைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில், கம்பிக்கூண்டு லிஃப்ட் வைத்த பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கோகுல்சந்த்ஜியின் பங்குத் தரகு அலுவலகம் இருந்தது. வாடிக்கையாளர்களுக்காக வாங்கி விற்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறு டீலர்கள் கம்பெனியின் சொந்தப் பணத்தைப் போட்டு வியாபாரம் செய்தார்கள். யார் எவ்வளவு பணம் வரைக்கும் போகலாம் என்பதுதான் லிமிட். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டீலர் பெரிய குழியில் தள்ளிவிட்டுப் போன பிறகு, டீலர்களின் கணக்குகளைக் கண்காணித்த மதுவந்தி ஒப்புக்கொள்ளாமல் யாருடைய லிமிட்டும் ஏறக்கூடாது என்று கோகுல்சந்த்ஜியே விதி போட்டார். இப்போது அந்த விதிதான் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது.

“எட்டு மாசமாச்சு. ஒரு மாசம்கூட நஷ்டமில்லை. மத்த அஞ்சு பேரும் சேர்ந்து கொண்டுவர்றதைவிட இவன் ஒருத்தன் அதிகமாக் கொண்டுவர்றான்” என்றார் அவர். “உன் ஊர்க்காரப் பையன் வேற. உனக்கென்ன யோசனை?”

“அவனுடைய லாபம் எனக்கும் தெரியும். அது நிக்குமான்னுதான் தெரியல.”

“அதைச் சொல்லத்தானே உனக்குச் சம்பளம்?”

“தீபாவளி வரைக்கும் டைம் கொடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்.”

நரேனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். லேக் மார்க்கெட் பக்கத்தில் வாடகை வீடு. தமிழைவிட வங்காளி நன்றாக வரும். அலுவலகத்தில் எல்லோரும் மதுவந்தியை ‘மதுதி’ என்று கூப்பிட்டார்கள்; வங்காளியில் ‘தி’ என்றால் அக்கா. அக்கா என்று சொல்லத் தெரிந்திருந்தும் அவனும் அப்படித்தான் கூப்பிட்டான். கலகலப்பானவன். அவன் சிரித்தால் அடுத்த அறையில் இருப்பவர்களுக்கும் சிரிப்பு வரும்.

மறுநாள் மதுவந்தி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டாள்.

“என்ன மதுதி, பரீட்சையா?”

“ஆமாம்.”

“வாங்க வாங்க. பாஸ் பண்ணிக் காட்டறேன்.”

சும்மா சொல்லவில்லை. அவன் வேகமாக இருந்தான், தைரியமாக இருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் ஒவ்வொன்றையும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரிந்து வைத்திருந்தான். ஒரு பங்கு ஏற ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கிறவன் திரையைப் பார்ப்பதற்குள் இவன் வாங்கியிருப்பான். மதுவந்திக்கே ஆசையாக இருந்தது. இப்படி ஒருவன் நம்ம ஊர்ப் பையனாக இருக்கிறானே என்று ஒரு பெருமையும் வந்தது. அந்தப் பெருமை வந்ததும் அவள் தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். வாங்கிய பங்கு ஏறினால் நரேன் திரையை விட்டு அசைவதில்லை. இறங்கினால் எழுந்துவிடுவான். “ஏக்டு சா கேயே ஆஷி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போவான். தெருமுனையில் மண்குவளையில் டீ குடித்து, யாரோடாவது கிரிக்கெட் பேசிவிட்டு, ஆற அமர மேலே வருவான். சில சமயம் அதற்குள் விலை திரும்பியிருக்கும். திரும்பாவிட்டால் அன்றைக்கு அந்தப் பங்கின் பக்கமே பார்க்க மாட்டான். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து, அது வாங்கிய விலைக்கு மேலே வந்த பிறகுதான் அதை விற்பான். அதுவும் லாபம் என்றே கணக்கில் ஏறும்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அவள் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். நரேன் வாங்கிய நாட்களில், அவன் வாங்கிய பங்கை விட்டுவிட்டு, அதே துறையில் வேறு எதையாவது குருட்டாம்போக்கில் வாங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? விடை வந்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கிட்டத்தட்ட அதே லாபம்தான். நரேனுடையது கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சம் அவன் கெட்டிக்காரத்தனமா, அதிர்ஷ்டமா என்று எட்டு மாதத்தை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கோகுல்சந்த்ஜியிடம் அதைத்தான் சொன்னாள்.

“தெரியாது” என்றாள்.

“தெரியாதா? இத்தனை வருஷம் இந்த ஆபீஸ்ல இருந்துட்டு, தெரியாதுன்னு சொல்ல வந்தியா?”

“இந்த எட்டு மாசத்துல எதை வாங்கினாலும் ஏறியிருக்கு. இறங்கினதும் காத்திருந்தா திரும்பி வந்திருக்கு. அவன் நஷ்டத்துல ஒண்ணைக்கூட வித்ததில்ல. அதனாலதான் நஷ்டமே தெரியல. திரும்பி வராத பங்கு ஒண்ணு வந்தா அவன் என்ன பண்ணுவான்? எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அஞ்சு மடங்குப் பணத்தை வெச்சுண்டு அதைத் தெரிஞ்சுக்க வேண்டாம்.”

“மார்க்கெட் ஏறும்போது சம்பாதிக்காம, இறங்கும்போதா சம்பாதிப்பாங்க?”

“லிமிட் இப்ப இருக்கறபடியே இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு பங்கை வாங்கறதுக்கு முன்னாடி, எந்த விலைக்கு வந்தா தான் நினைச்சது தப்புன்னு ஒத்துப்பான்னு அவன் வாய்விட்டுச் சொல்லணும். அந்த விலை வந்தா விக்கணும். அதை எப்படிப் பண்றான்னு பார்த்துட்டுச் சொல்றேன்.”

கோகுல்சந்த்ஜி கோபத்தோடு ஃபைலை மூடினார். “மார்ச் வரைக்கும்தான். அதுக்கப்புறம் உன் கையெழுத்து இல்லாமலே நான் பண்ணிடுவேன்.”

நரேனுக்கு விஷயம் தெரிந்தபோது அவன் சிரிக்கவில்லை. அவளுடைய மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தமிழில் பேசினான்.

“என்கிட்ட என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க?”

“தப்புன்னு சொல்லல. இன்னும் தெரியலைன்னேன்.”

“எட்டு மாசம் போறாதா?”

“ஏறுமுகத்துல எட்டு வருஷமானாலும் போறாது. விலை இறங்கினா நீ ஏன் நரேன் எழுந்து டீ குடிக்கப் போற?”

அவன் முகம் சிவந்தது. “டீ குடிக்கறதுகூடத் தப்பா?”

“அந்த நேரத்துல மட்டும் ஏன் தாகம் எடுக்கறதுன்னு கேக்கறேன்.”

விருட்டென்று திரும்பிப் போய்விட்டான். பக்கத்துத் தெருவில் இருந்த வேறொரு தரகு அலுவலகம் அவனுக்கு இதைவிடப் பல மடங்கு லிமிட் தருவதாகச் சொல்லியிருப்பது அவளுக்கும் தெரியும். அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தாள். மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்பே அவன் தன் இடத்தில் இருந்தான்.

“போகல?” என்று கேட்டாள்.

“போனா, மதுதி சொன்னது சரின்னு ஆயிடும். இங்கயே இருந்து நிரூபிச்சுட்டுத்தான் போவேன்.” திரையைப் பார்த்தபடியே ஒரு பங்கின் பெயரைச் சொன்னான். “வாங்கறேன். இருநூத்திப் பத்துக்கு வந்தா தப்பு. போறுமா?”

“போறும்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்கள் மதுவந்திக்குத்தான் கஷ்டமாக இருந்தன.

சந்தை ஏறிக்கொண்டே போனது. காலையில் வாங்கியதை மதியம் விற்றவர்கள் சாயங்காலம் பார்க் ஸ்ட்ரீட்டில் விருந்து வைத்தார்கள். நரேனும் சம்பாதித்தான். ஆனால் முன்பு மாதிரி இல்லை. அவன் சொன்ன விலைக்கு ஒரு பங்கு இறங்கும், விற்பான், அடுத்த நாளே அது துள்ளி மேலே போகும். பழைய நரேனாக இருந்திருந்தால் டீ குடித்துவிட்டு வந்து லாபம் எடுத்திருப்பான். இப்போது ஒவ்வொரு வாரமும் சின்னச் சின்ன நஷ்டங்கள் அவன் பெயரில் ஏறின. பக்கத்துத் தெரு அலுவலகத்தில் அவனுக்குத் தருவதாக இருந்த இடத்துக்கு வந்த பையன் கார் வாங்கிவிட்டான்.

“என் பந்தயக் குதிரையை வண்டியிலே கட்டிட்டே” என்றார் கோகுல்சந்த்ஜி, எல்லோர் முன்னாலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிப்பொடி வாங்க மதுவந்தி லேக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். தன் வீடு இருக்கும் சால்ட் லேக்கில் இருந்து இதற்காகவே மாதம் ஒருமுறை வருவாள். கடையில் பொடி அரைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். நரேனின் அம்மா அலமு.

“சௌக்கியமா மது?”

“சௌக்கியம் மாமி. நீங்க எப்படி இருக்கேள்?”

“ஏதோ இருக்கேன்.” அலமு சுற்றுமுற்றும் பார்த்தாள். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதற்காக அவள் குரலைக் குறைக்கவில்லை. “ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தது. எங்க பிள்ளை உனக்கு என்ன பண்ணினான்?”

“மாமி…”

“வேத்து மனுஷா யாராவது காலை வாரினா சரின்னு விட்டுடலாம். இந்த ஊர்ல நாம நாலு பேர் ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்கலைன்னா வேற யார் கொடுப்பா? அந்தச் சேட்டே கொடுக்கத் தயாரா இருக்கார். நடுவுல நீ நின்னுண்டு வேண்டாம்கறயாமே?”

“வேண்டாம்னு சொல்லல மாமி. கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.”

“பொறுக்கறதா? ராத்திரி சாப்பிட உக்காந்தா பேசவே மாட்டேங்கறான். முன்னெல்லாம் சிரிச்சுண்டே வருவான். பொம்மனாட்டி ஒருத்தி பொறாமைப்பட்டா என்னவெல்லாம் நடக்கும்னு நான் பார்த்திருக்கேன்.”

கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மதுவந்திக்கு முகம் எரிந்தது. ஏதாவது சொன்னால் அழுகை வந்துவிடும் என்று தோன்றியது. பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

“மாமி, நீங்க கோவிச்சுக்கறது எனக்குப் புரியறது. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட்டு, அவனுக்குப் பெரிசா ஒண்ணு ஆச்சுன்னா, அவனால அப்புறம் இந்தத் தொழில்ல எந்த வாசல்லயும் போய் நிக்க முடியாது. நான் பார்த்திருக்கேன். அதனால எனக்குத் தெரியற வரைக்கும் போட மாட்டேன். நீங்க என்ன நினைச்சுண்டாலும் சரி.”

அலமு கடையை விட்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் சந்தானத்திடம் நடந்ததைச் சொன்னாள். அவன் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தான். பங்குச் சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“ஒண்ணு யோசிச்சியா? நீ சொல்றது சரியா இருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல. ஆகாத நஷ்டம் யார் கண்ணுக்கும் படாது. தப்பா இருந்தா எல்லாருக்கும் தெரியும்.”

“யோசிச்சேன்.”

“அப்புறமும் ஏன் பிடிவாதம்?”

அவள் காப்பிப்பொடியை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். “அவன் நிஜமாவே கெட்டிக்காரனா இருந்தா என்ன பண்றதுன்னுதான் தினம் நினைச்சுக்கறேன். ஒருத்தனுக்கு வாழ்நாள்ல ஒருதரம் வர காலத்தை நான் வீணடிச்சுட்டேனோன்னு. அந்தப் பயம் இருக்கு. ஆனா பயத்துக்காகக் கையெழுத்துப் போட முடியாது.”

சந்தானம் டப்பாவின் மூடியை எடுத்து நீட்டினான்.

பிப்ரவரியில் சந்தை உச்சிக்குப் போய், அங்கிருந்து தடுமாறியது. முதலில் யாரும் நம்பவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்றார்கள். மார்ச்சில் ஒருநாள் விழுந்து, மறுநாள் எழுந்து, அதற்கடுத்த நாள் இன்னும் ஆழமாக விழுந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள்தான் முதலில் விழுந்தன. மார்ச் வரைக்கும்தான் என்று தான் வைத்த கெடுவைப் பற்றி கோகுல்சந்த்ஜி மூச்சு விடவில்லை. ஏப்ரல் வந்தபோது, காலையில் சந்தை திறந்த சில நிமிஷங்களிலேயே பல பங்குகளை விற்கக்கூட முடியாமல் போனது. விற்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். வாங்க ஒருவரும் இல்லை.

நரேனிடம் அப்போது ஒரு பங்கு இருந்தது. பெங்களூரில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. அவனுடைய முதல் பெரிய லாபம் அதில்தான் வந்தது. அதன் பெயரைச் சொன்னாலே அவன் முகம் மலரும். இரண்டு வாரத்துக்கு முன்னால் மறுபடியும் வாங்கியிருந்தான். எந்த விலைக்கு வந்தால் தப்பு என்பதையும் சொல்லியிருந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த விலை வந்தது.

மதுவந்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதுவும் பேசவில்லை. பேசக்கூடாது என்று முதல் நாளே தீர்மானித்திருந்தாள். அவள் சொல்லி அவன் விற்றால் அது அவள் செய்ததாகிவிடும்.

பின்னாலிருந்து இன்னொரு டீலர் வங்காளியில் கத்தினான். “விக்காதே நரேன்! இது நல்ல கம்பெனி. நாளைக்கே எழுந்துடும்!”

நரேன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து போகப்போகிறான் என்று மதுவந்தி நினைத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. விரல் விற்கும் பொத்தானுக்கு மேலே நின்றது. விலை இன்னும் ஒரு ரூபாய் இறங்கியது.

“தூர்!” என்று வங்காளியில் சீறினான். பொத்தானை அழுத்தினான்.

இதுவரை அவன் பெயரில் ஏறாத அளவுக்கு நஷ்டம். கொஞ்ச நேரம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை அந்தப் பங்கு துள்ளி எழுந்தது. ஒரு நாளில் எவ்வளவு ஏறலாமோ அவ்வளவும் ஏறி நின்றது. அறையில் யாரோ கைதட்டினார்கள். “மதுதியோட பள்ளிக்கூடம் ஜிந்தாபாத்!” என்று ஒரு குரல்.

நரேன் அவள் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

“இப்ப என்ன சொல்றீங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“நான் அவசரப்பட்டுட்டேனா இல்லையா? அதையாவது சொல்லுங்க.”

“அது எனக்குத் தெரியாது நரேன். நேத்து நீ சொன்ன விலை வந்தது, வித்தே. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“உங்களுக்கு எதுதான் தெரியும்?” என்று கேட்டான். அந்த அறையில் அதுவரை அவளிடம் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை.

அவள் எழுந்து தன் இடத்துக்குப் போனாள். இனி அவன் விற்க மாட்டான் என்றுதான் நினைத்தாள். விற்று, மறுநாளே அடி வாங்கியவன், அடுத்த முறை காத்திருப்பான். மனுஷ சுபாவம் அது. எத்தனையோ பேரை அவள் அந்த இடத்தில் பார்த்திருந்தாள். முதல் தடவை விதியைக் காப்பாற்றுவது பெரிசில்லை. அதனால் ஏமாந்த பிறகு இரண்டாவது தடவை காப்பாற்றுகிறானா என்பதுதான் கேள்வி.

அந்த வாரக் கடைசியிலேயே இன்னொரு பங்கு அவன் சொன்ன விலைக்கு வந்தது. இந்த முறை அவள் பக்கத்தில் உட்காரவில்லை. அறையின் மறுகோடியில், தன் திரையில் அதே விலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரேன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் யாரும் கவனிக்கவுமில்லை. அவன் விற்றான். விற்றுவிட்டு அடுத்த பங்கைப் பார்க்க ஆரம்பித்தான்.

மதுவந்தி பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகத் தேடியது அன்றைக்குக் கிடைத்தது.

ஏப்ரல், மே, ஜூன். மூன்று மாதமும் நரேனுக்கு நஷ்டம். ஆனால் ஒரு மாதத்தில்கூட அது எல்லை மீறவில்லை. துள்ளி எழுந்த அந்த பெங்களூர் கம்பெனிப் பங்கு ஜூனில் அவன் விற்ற விலையில் பாதிக்கும் கீழே கிடந்தது. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. கார் வாங்கிய பையன் இப்போது பஸ்ஸில் வருகிறான் என்று யாரோ சொன்னபோதும் சிரிக்கவில்லை.

கோகுல்சந்த்ஜி ஜூன் கடைசியில் மதுவந்தியைக் கூப்பிட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

“நீ சொன்னது சரிதான். இவன் நிக்க மாட்டான். மூணு மாசமா நஷ்டம். அடுத்த மாசத்திலேர்ந்து வாடிக்கையாளர் பக்கத்துக்கு மாத்திடறேன். போனை எடுத்துப் பேசட்டும்.”

“இல்லைங்க” என்றாள் மதுவந்தி. “அவன் லிமிட்டை ஏத்துங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “உனக்கு உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“எட்டு மாசம் லாபம் கொண்டுவந்தான். அப்ப வேண்டாம்னே. மூணு மாசம் நஷ்டம். இப்பக் கொடுங்கறே. என்னை என்ன பைத்தியக்காரன்னு நினைச்சியா?”

“அவன் லாபம் கொண்டுவந்தப்போ மார்க்கெட் எப்படி இருக்குன்னுதான் எனக்குத் தெரிஞ்சது. அவன் எப்படின்னு தெரியல. இப்பத் தெரியும். அவன் வித்த ஒவ்வொரு இடத்தையும் பார்த்தேன். சொன்ன விலையை விட்டு ஒரு தடவைகூட நகரல. வித்து ஏமாந்த பிறகும் நகரல.”

“நஷ்டம் நஷ்டம்தானே?”

“மத்த அஞ்சு பேர்கிட்ட இப்ப எவ்வளவு நஷ்டம் இருக்கு, சொல்லுங்க.”

அவர் ஃபைலைப் புரட்டினார். விற்காமல் வைத்திருந்த பங்குகள் அவர்கள் கணக்கில் முடங்கிக் கிடந்தன. என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

“நரேன் இனிமே நஷ்டமே பண்ண மாட்டான்னு நான் சொல்லல. பண்ணுவான். ஆனா அவனுடைய மோசமான மாசத்துல அதிகபட்சம் எவ்வளவு போகும்னு என்னால இப்பவே சொல்ல முடியும். இந்த ஆபீஸ்ல வேற யாரைப் பத்தியும் அப்படிச் சொல்ல முடியாது.”

“லாபம்? அது எவ்வளவு வரும்?”

“அது தெரியாது. அந்தப் பழைய எட்டு மாசம் மாதிரி வராது. அதை மறந்துடுங்க. இறங்கற மார்க்கெட்ல பிழைச்சிருக்கான். ஏறும்போது கொஞ்சம் கூடவே எடுப்பான்னு நினைக்கறேன். இன்னும் பார்க்கணும்.”

கோகுல்சந்த்ஜி ஜன்னல் பக்கம் போய் நின்று மழையைப் பார்த்தார். அந்தத் தெருவில் முப்பது வருஷம் கழித்தவர் அவர்.

“அஞ்சு மடங்கு முடியாது” என்றார் கடைசியில். “இரண்டு.”

“இரண்டு போறும். அஞ்சு நான் கேக்கவே இல்ல.”

ஒரு மாதத்தில் போகக்கூடிய அதிகபட்ச நஷ்டத்தை ஒரு தாளில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு, வெளியே வந்து நரேனிடம் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. தன்னை மாற்றப்போகிறார்கள் என்று அவனுக்கும் காதில் விழுந்திருந்தது.

“ஏன்?” என்று மட்டும் கேட்டான்.

“நீ பாஸ்.”

“அன்னிக்குக் கத்தினேனே… உங்களுக்கு எதுதான் தெரியும்னு…” என்று ஆரம்பித்தான்.

“கத்தினதுக்குப் பின்னாடி மறுபடியும் ஒரு பங்கு இறங்கித்து. வித்தியா இல்லையா?”

“வித்தேன்.”

“அப்புறம் என்ன? போ, வேலையைப் பாரு.”

அந்த வருஷக் கடைசிக்குள் நரேன் தன் நஷ்டத்தை மெள்ள மெள்ள ஈடுகட்டினான். லாபம் பெரிசாக ஒன்றுமில்லை. கோகுல்சந்த்ஜி ஒவ்வொரு மாதமும் முணுமுணுத்தார். இரண்டாயிரத்து ஒன்று மார்ச்சில் சந்தை மறுபடியும் விழுந்தது. இந்த முறை கல்கத்தாவை நன்றாகவே உலுக்கிவிட்டது. அந்தத் தெருவிலும் சுற்றுச் சந்துகளிலும் பல அலுவலகங்கள் கதவை இழுத்துச் சாத்தின. நேற்று வரை பெரிய பெயர் வைத்திருந்தவர்கள் யார் போனையும் எடுக்கவில்லை. நரேனுக்கும் அந்த மாதம் நஷ்டம்தான். மாதக் கடைசியில் கோகுல்சந்த்ஜி கணக்கை வாங்கிப் பார்த்தார். மழை பெய்த அன்றைக்கு மதுவந்தி எழுதிக் கொடுத்த அளவுக்குள் இருந்தது. கணக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு லிமிட் விஷயத்தில் அவளிடம் வாதாடவில்லை.

அலமு அதற்குப் பிறகும் அவளிடம் சரியாகப் பேசவில்லை. கரியாஹாட்டில் ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தபோது, புடவைக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதுவந்தி அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. நரேன் எதையும் வீட்டில் விளக்கிச் சொல்கிறவன் இல்லை.

ஏப்ரலில் ஒருநாள், சந்தை திறப்பதற்கு முன்னால், நரேன் அவள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“மதுதி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். போன வருஷம் மார்ச்ல மார்க்கெட் இறங்காமலே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஏறிண்டே போயிருந்தா?”

மதுவந்தி யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளே எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.”

“எல்லாரும் உங்களைத் திட்டியிருப்பா. சேட் என்னை அனுப்பியிருக்க மாட்டார், உங்களைத்தான் அனுப்பியிருப்பார்.”

“அனுப்பியிருக்கலாம்.”

“நானும் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன். இன்னிக்கு வரைக்கும்.”

“தெரியும்” என்றாள். “அப்பவும் போட்டிருக்க மாட்டேன்.”

அவனுக்கு அந்தப் பழைய சிரிப்பு வந்தது. அடுத்த அறையில் இருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். திரையில் முதல் விலைகள் வர ஆரம்பித்தன. அவன் எழுந்து தன் இடத்துக்குப் போனான்.